வேகத்தை அளக்க எவ்வளவு செலவழிக்கலாம்?

2023ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதி, ஜப்பானில் யோனெக்ஸ் நிறுவனத்தின் விளையாட்டுக் கூடத்தில், இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி ஒரு ஸ்மாஷ் அடித்தார். மணிக்கு 565 கிலோமீட்டர். கின்னஸ் சாதனை. அதே நாளில் நம் பேர்லி டான் அடித்த ஸ்மாஷ் மணிக்கு 438 கிலோமீட்டர். அது பெண்களுக்கான சாதனை. ஆண்கள் பிரிவில் அதற்கு முன் பத்து ஆண்டுகள் அசையாமல் நின்றது நம் டான் பூன் ஹியோங்கின் 493.

இந்த 565-ஐ நொடிக்கு எத்தனை மீட்டர் என்று மாற்றிப் பாருங்கள். 157 வரும். ஒலிம்பிக்கில் பயன்படுத்தும் காற்றுக் கைத்துப்பாக்கியிலிருந்து புறப்படும் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 150 மீட்டர்தான். அதாவது, மட்டையை விட்டுக் கிளம்பும் அந்தக் கணத்தில், இறகுப்பந்து ஈயக் குண்டோடு சரிக்குச் சரி போட்டி போடுகிறது. அடுத்த கணமே காற்று அதைப் பிடித்து இழுத்துவிடுகிறது என்பது வேறு கதை.

இந்த வாரம் இந்தக் கணக்கைப் போட வைத்தது ஒரு குரல் பதிவு. வானொலி நேயர் ஒருவர், கிள்ளானிலிருந்து ஓர் அக்கா, புலனத்தில் அனுப்பியிருந்தார். “தம்பி, என் மகனுக்குப் பதினாறு வயசு. கிளப்ல ரெண்டு வருசமா காற்றுத் துப்பாக்கி சுடறான். இப்ப குண்டோட வேகத்தை அளக்கற ராடார் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். விலையைக் கேட்டா அவங்க அப்பாவுக்குத் தலை சுத்துது. அது வாங்கித் தர்ற பொருளா, இல்ல விளையாட்டுச் சாமானா? நீங்கதான் இந்த மாதிரி கருவி எல்லாம் பேசுவீங்களே, சொல்லுங்க.”

நல்ல கேள்வி. பதிலைக் கொஞ்சம் சுற்றி வந்து சொல்கிறேன், அக்கா. ஏனென்றால், எந்தக் கருவி என்பதற்கு முன்னால், எதற்குக் கருவி என்று பார்க்க வேண்டும்.

குறிசுடுதல் நமக்கு அந்நியமான விளையாட்டு இல்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் நூர் சூர்யானி தைபி எட்டு மாதக் கர்ப்பிணியாக 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அக்கரையில், சிங்கப்பூரின் மார்ட்டினா வெலோசோ 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் இரண்டு தங்கம் வென்றார். இந்தியாவின் அபினவ் பிந்த்ராவைச் சொல்லவே வேண்டாம்.

அந்தப் போட்டியில் குறித்தட்டு 10 மீட்டர் தூரத்தில் இருக்கும். நடுவில் உள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர். பேனா முனையால் வைத்த புள்ளி அளவு. குண்டின் விட்டமே நாலரை மில்லிமீட்டர். இப்போது புள்ளிகளைத் தசமத்தில் எண்ணுகிறார்கள். 10.9 உச்சம். நடுவிலிருந்து கால் மில்லிமீட்டர் விலகினால் 0.1 புள்ளி போய்விடும். 2016 ரியோவில் பிந்த்ராவும் உக்ரைனின் செர்ஹி குலிஷும் சமநிலையில் நின்று, ஒரே ஒரு குண்டு கூடுதலாகச் சுட்டார்கள். பிந்த்ராவுக்கு 10.0, குலிஷுக்கு 10.5. பிந்த்ரா நான்காம் இடத்தோடு வெளியேறினார், குலிஷ் வெள்ளி வரை போனார். அந்த அரைப் புள்ளி என்பது ஒன்றேகால் மில்லிமீட்டர்.

இங்கேதான் வேகம் உள்ளே வருகிறது.

வேகம் மாறினால் என்ன ஆகும்?

குழலை விட்டு வெளியே வந்த நொடியே குண்டு கீழே விழத் தொடங்குகிறது. புவியீர்ப்பு யாரையும் விடாது. காற்றுத் துப்பாக்கிக் குண்டு நொடிக்கு 175 மீட்டர் வேகத்தில் போனால், 10 மீட்டரைக் கடக்க 0.057 நொடி ஆகும். அதற்குள் 16 மில்லிமீட்டர் இறங்கிவிடும். காற்றுத் தடையை விட்டுவிட்டுப் போட்ட எளிய கணக்கு இது. இந்த 16 மில்லிமீட்டர் பிரச்சினையே இல்லை. குறிபார்க்கும் சாதனத்தைத் திருகிச் சரிசெய்து விடலாம்.

பிரச்சினை, வேகம் ஒவ்வொரு குண்டுக்கும் மாறும்போதுதான். ஒரு குண்டு 180-இல் போகிறது, அடுத்தது 170-இல் போகிறது என்று வையுங்கள். இரண்டாவது குண்டு கிட்டத்தட்ட 1.8 மில்லிமீட்டர் தாழ்வாகப் போய்ப் படும். பிள்ளை இரண்டு முறையும் ஒரே மாதிரி மூச்சடக்கி, ஒரே மாதிரி விசையை அழுத்தியிருந்தாலும் 0.7 புள்ளி மாறிவிடும். அவன் தன் கையைச் சந்தேகிப்பான். தப்பு அவன் கையில் இருக்காது.

ஆகவே வேகமானி வாங்குகிறவர்கள் “எவ்வளவு வேகம்” என்று பார்ப்பதைவிட “எவ்வளவு சீராக” என்றுதான் பார்க்க வேண்டும். ஓர் உதாரணம். முதல் துப்பாக்கியில் ஐந்து குண்டுகள்: 174, 175, 176, 175, 175. இரண்டாவதில் ஐந்து: 170, 180, 175, 172, 178. இரண்டுக்கும் சராசரி 175தான். ஆனால் முதலாவதில் அதிகத்துக்கும் குறைவுக்கும் இடையே 2 மீட்டர், இரண்டாவதில் 10 மீட்டர். சராசரியை மட்டும் காட்டும் கருவி இந்த இரண்டையும் ஒன்று என்று சொல்லிவிடும். எனவே எந்தக் கருவியாக இருந்தாலும், ஒவ்வொரு குண்டின் வேகத்தையும் தனித்தனியே சேமிக்கிறதா, உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள இடைவெளியையும் திட்டவிலக்கத்தையும் கணக்கிட்டுத் தருகிறதா என்று முதலில் பாருங்கள். எஸ்பிஎம் கணிதத்தில் திட்டவிலக்கம் எதற்கு என்று கேட்ட பிள்ளைகளுக்கு இதோ பதில்.

அளக்கும் வழிகள்

குண்டின் வேகத்தை அளக்க முயன்ற கதை பழையது. 1742இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ், தொங்கும் மரக்கட்டையில் சுட்டு, கட்டை எவ்வளவு தூரம் ஊசலாடுகிறது என்று பார்த்து வேகத்தைக் கணக்கிட்டார். இன்று கடையில் கிடைப்பவை மூன்று வகை.

முதல் வகை, ஒளிக்கண் வைத்தது. முன்னும் பின்னுமாக இரண்டு கண்கள். குண்டு முதல் கண்ணைத் தாண்டும்போது நிழல் விழும், கடிகாரம் ஓடத் தொடங்கும். இரண்டாவது கண்ணைத் தாண்டும்போது நிற்கும். கண்களுக்கு இடையே 30 சென்டிமீட்டர் என்றால், நம் குண்டு அதைக் கடக்க ஒரு நொடியில் ஆயிரத்தில் 1.7 பங்கு நேரம் ஆகும். விலை குறைவு. 100 அமெரிக்க டாலரை ஒட்டியே வாங்கலாம். ஆனால் இது வெளிச்சத்தை நம்பிய பிழைப்பு. மேகம் மறைத்தால் ஒரு மாதிரி, வெயில் அடித்தால் ஒரு மாதிரி. நம் காற்றுத் துப்பாக்கிச் சுடுதளங்கள் பெரும்பாலும் கூரைக்குக் கீழே இருப்பவை. சிலவகை விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாமல் மினுக்கும், அது ஒளிக்கண்ணைக் குழப்பும். இன்னொன்று, குண்டு அந்தச் சின்ன சன்னல் வழியாகவே போக வேண்டும். கொஞ்சம் தாழ்த்திச் சுட்டால் கருவியே குறித்தட்டு ஆகிவிடும்.

இரண்டாவது வகை, குழலின் வாயில் கட்டும் காந்த உணரி. வெளிச்சம் தேவையில்லை. ஆனால் குழல் நுனியில் பாரம் ஏறுவதால் குண்டு படும் இடம் மாறும். வேகத்தைத் தனியாகவும், குறியைத் தனியாகவும் சோதிக்க வேண்டி வரும். இது பெரும்பாலும் வெடிமருந்துத் துப்பாக்கிக்காரர்களுக்கானது.

மூன்றாவது வகைதான் கிள்ளான் அக்காவின் மகன் கேட்பது. கையடக்க ராடார்.

இது என் தொழிலுக்குக் கொஞ்சம் உறவு. நான் பேசுவதைச் சுமந்து வருவதும் வானொலி அலை, இந்தக் கருவி அனுப்புவதும் வானொலி அலை. அலைவரிசை மட்டும் வேறு. நாங்கள் மெகா ஹெர்ட்ஸில் இருக்கிறோம், இந்த ராடார்களில் பெரும்பாலானவை 24 கிகா ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கின்றன. கருவி அலையை அனுப்பும், அது ஓடும் குண்டின் மேல் பட்டுத் திரும்பும். குண்டு விலகி ஓடுவதால் திரும்பி வரும் அலையின் அதிர்வெண் கொஞ்சம் குறைந்திருக்கும். எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் வேகம் கிடைத்துவிடும். நம்மைக் கடந்து போகும் ஆம்புலன்ஸின் சைரன், தாண்டியதும் தொனி இறங்குகிறதே, அதே சங்கதி. ஆஸ்திரிய அறிஞர் கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் சொன்னது. 1845இல் நெதர்லாந்தில் ஓடும் ரயிலில் ஊதுகொம்பு வாசிக்கிறவர்களை ஏற்றி, தரையில் காது தேர்ந்த இசைக்காரர்களை நிறுத்தி, தொனி மாறுகிறதா என்று சோதித்தே பார்த்துவிட்டார்கள்.

24 கிகா ஹெர்ட்ஸில், நொடிக்கு ஒவ்வொரு மீட்டர் வேகத்துக்கும் 160 ஹெர்ட்ஸ் மாற்றம் வரும். மணிக்கு 140 கிலோமீட்டரில் வீசிய கிரிக்கெட் பந்து என்றால் 6,200 ஹெர்ட்ஸ். ஒலிபெருக்கியில் போட்டால் காதால் கேட்கலாம். நம் காற்றுத் துப்பாக்கிக் குண்டு 28,000 ஹெர்ட்ஸ். மனிதக் காது 20,000-க்கு மேல் கேட்காது. குண்டு நம் காதுக்கு எட்டாத சுருதியில் பாடிக்கொண்டு போகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ராடாரின் வசதி இதுதான்: குழலில் எதையும் மாட்ட வேண்டாம், குண்டு எதற்குள்ளும் நுழைய வேண்டாம், இருட்டோ வெளிச்சமோ கவலை இல்லை. பக்கத்தில் ஒரு முக்காலியில் வைத்துவிட்டுச் சுடலாம். முதலில் பரவலான லேப்ராடார் ஒரு தட்டையான பெட்டி போல இருந்தது. 2023இல் கார்மின் நிறுவனம் கொண்டு வந்த ஜீரோ சி1 ப்ரோ உள்ளங்கையில் அடங்கிவிட்டது. அறிமுக விலை 600 அமெரிக்க டாலர். தபால் செலவு, வரி எல்லாம் சேர்த்தால் நம் கணக்கில் 2,500 வெள்ளியைத் தாராளமாகத் தாண்டும். அப்பாவுக்குத் தலை சுற்றியதில் நியாயம் இருக்கிறது. காற்றுத் துப்பாக்கிகளுக்காகவே ஸ்வீடனின் எஃப்எக்ஸ் நிறுவனம் செய்த சிறிய ராடார்கள் இதைவிட மலிவு. அவை கைப்பேசியோடு இணைந்து வேலை செய்யும்.

வாங்குவதென்றால் எதைப் பார்ப்பது?

ஒன்று, உங்கள் வேகம் அதன் எல்லைக்குள் இருக்கிறதா? கார்மின் கருவி நொடிக்கு சுமார் 30 மீட்டரிலிருந்து 1,500 மீட்டர் வரை அளக்கும். அம்பு முதல் ரைஃபிள் குண்டு வரை அடங்கிவிடும். எல்லாக் கருவியும் அப்படி இல்லை.

இரண்டு, அது எதைக் கேட்டு விழிக்கிறது? சில ராடார்கள் வெடிச் சத்தத்தைக் கேட்டுத்தான் அளக்கத் தொடங்கும். காற்றுத் துப்பாக்கியின் சத்தம் மெல்லியது. அதற்குத் தனி ஒலிவாங்கி வாங்க வேண்டி வரலாம். பக்கத்து வரிசையில் சுடுகிறவரின் சத்தத்துக்கு உங்கள் கருவி விழித்துக்கொள்ளும் தொல்லையும் உண்டு.

மூன்று, 10 மீட்டர் போதுமா? ராடார் குண்டைக் கொஞ்ச தூரம் பின்தொடர்ந்துதான் கணக்குப் போடுகிறது. வெளிநாட்டில் எழுதப்படும் புகழுரைகள் பெரும்பாலும் 100 மீட்டர், 300 மீட்டர் திறந்தவெளியில் சோதித்தவை. நம் பிள்ளை சுடுவது மூடிய கூடத்தில், குண்டு 10 மீட்டரில் தட்டில் மோதி நின்றுவிடும். அதற்குக் கருவி ஒத்துவருமா என்று கையேட்டைப் படித்த பிறகே காசை எடுங்கள்.

நான்கு, வைக்கும் இடம். ராடார் குண்டின் பாதைக்கு நேர் பின்னால் இருக்க முடியாது, பக்கவாட்டில்தான் இருக்கும். பார்க்கும் கோணம் 10 பாகை ஆனால், வேகம் ஒன்றரை விழுக்காடு குறைவாகத் தெரியும். கருவி அதைத் திருத்திக்கொள்ளும். ஆனால் கையேடு சொன்ன தூரத்தில் வைத்தால்தான் திருத்தம் சரியாக வரும். இன்றைக்கு ஓரிடம், நாளைக்கு ஓரிடம் என்று வைத்தால், இரண்டு நாள் எண்களை ஒப்பிடுவதில் பொருள் இல்லை.

ஐந்து, இது அலை அனுப்பும் கருவி. வானொலிக்காரன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். மலேசியாவில் இப்படிப்பட்ட கருவிகளுக்கு சிரிம் சான்று வேண்டும், சிங்கப்பூரில் ஐஎம்டிஏ அனுமதி வேண்டும். இணைய அங்காடியில் ‘வாங்கு’ பொத்தானை அழுத்துவதற்கு முன் விற்பவரிடம் கேளுங்கள். கப்பலில் வந்து சுங்கத்தில் நிற்கும் பொட்டலத்துக்காக அலைவது யாருக்கும் பிடிக்காது.

துப்பாக்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை. காற்றுத் துப்பாக்கி விளையாட்டுப் பொம்மை என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அதையும் ஆயுதம் என்றே சொல்கிறது, உரிமம் இல்லாமல் வைத்திருக்க முடியாது. சிங்கப்பூரிலும் விதி கடுமை. “வேகத்தை அளந்து பார்க்கலாம்” என்று வீட்டுக் கொல்லையில் முக்காலி போடும் பேச்சே கூடாது. அளப்பதானாலும் கிளப்பில், பயிற்றுநர் முன்னால்தான்.

சரி, அக்காவுக்கு என்ன பதில்?

மகன் சுட்ட பழைய குறித்தாள்களை எடுத்து மேசையில் பரப்புங்கள். மின்னணுக் குறித்தட்டு என்றால் கிளப்பில் அச்செடுத்துக் கேளுங்கள். குண்டுகள் இடவலமாகச் சிதறியிருக்கின்றனவா, மேலும் கீழுமாகச் சிதறியிருக்கின்றனவா?

இடவலமாகச் சிதறியிருந்தால் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வேகம் மாறினால் குண்டு மேலும் கீழும்தான் போகும். எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் பரவியிருந்தாலும் ராடார் உதவாது. வேகத்தால் வரும் வித்தியாசம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். மற்றதெல்லாம் நிற்கும் விதம், மூச்சு, விரல். அந்த 2,500 வெள்ளியில் எத்தனை மாதப் பயிற்சிக் கட்டணம், எத்தனை டப்பா குண்டு வாங்கலாம் என்று மகனையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

குண்டுகள் இடவலமாக ஒடுங்கி, மேலும் கீழும் மட்டும் நீண்டிருந்தால், அவன் கேட்பதில் விஷயம் இருக்கலாம். மூச்சு சரியில்லாவிட்டாலும் இப்படி வரும் என்பதால், பயிற்றுநர் முதலில் அதைப் பார்க்கட்டும். அது சரியென்றால் துப்பாக்கியைப் பார்க்க வேண்டும். இன்றைய போட்டித் துப்பாக்கிகள் உருளையில் அடைத்த காற்றில் இயங்குபவை. அழுத்தத்தைச் சீராக்கும் பகுதியோ, ரப்பர் வளையமோ தேய்ந்தால் வேகம் தடுமாறும். இருபது குண்டு சுட்டு ராடாரில் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆனால் அதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ராடார் தேவையில்லை. இது தினமும் பார்க்கும் கருவி இல்லை. குண்டு வகையை மாற்றும்போது, துப்பாக்கியைப் பழுது பார்த்த பிறகு, ஏதோ சரியில்லை என்று தோன்றும்போது, அவ்வளவுதான். பத்துப் பெற்றோர் சேர்ந்தால் ஆளுக்கு 250 வெள்ளி. கிளப்புக்கு ஒன்று வாங்கி, ஒரு நோட்டுப் புத்தகமும் கூடவே வைத்து, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தேதி போட்டு எண்களை எழுதி வரலாம். ஆறு மாதத்துக்கு முன் 175-இல் இருந்தது இன்று 168 என்று அந்த நோட்டு சொல்லும்போதுதான் கருவிக்குக் கொடுத்த காசு செல்லுபடியாகிறது.

எந்த ராடாரும் சொல்லாத ஒன்றையும் இந்தச் சாக்கில் பார்த்துவிடுங்கள். காற்று உருளையில் தயாரிப்புத் தேதி பொறித்திருக்கும். அதற்கு ஆயுள் பத்து ஆண்டு. தேதி தாண்டிய உருளையோடு போட்டிக்குப் போகக்கூடாது. உள்ளே இருப்பது 200 பார் வரையிலான அழுத்தம், நம் கார் டயரில் இருப்பதைப் போல ஏறத்தாழ தொண்ணூறு மடங்கு. கைமாறி வாங்கிய துப்பாக்கி என்றால், வேகத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தத் தேதியைப் படியுங்கள்.

தம்பிக்கும் ஒரு வார்த்தை. நீ கேட்டது தவறில்லை. எண்ணைப் பார்க்க வேண்டும் என்று தோன்றுவது நல்ல விளையாட்டு வீரனின் குணம். அம்மாவிடம் ராடார் கேட்பதற்கு முன், கடைசியாகச் சுட்ட பத்துத் தாள்களைக் கொண்டு வந்து காட்டு. மேலும் கீழும் எத்தனை மில்லிமீட்டர், இடவலம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுது. அதற்கு ஓர் அடிக்கோல் போதும். பள்ளிப் பையிலேயே இருக்கும்.